மாயக்கதை வாசித்தபின் மனத்தில் எழுந்ததை எழுதுவது எப்படி?

தண்டையார்ப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு மாலைகளில் 12 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் சிலர் கூடி நாவல் வாசிக்கிறார்கள். ஆங்கிலப் புத்தகமாக இருந்தால் நான் ஒரு பத்தியை வாய்விட்டு வாசித்து, அதைத் தமிழில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போவேன். அர்சுலா லெ குவின் 1968-இல் வெளியிட்ட ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’ நாவலை அப்படி வாசித்துக்கொண்டிருந்தபோது, நாயகன் கெட் ஒரு முதிய மீனவரிடமிருந்து சிறு படகு ஒன்றைப் பெறும் இடம் வந்தது. அந்தப் படகின் முகப்பில் இருபுறமும் கண் வரையப்பட வேண்டும் என்று முதியவர் கேட்டுக்கொள்கிறார். காசிமேட்டிலிருந்து வரும், அதுவரை எதுவுமே பேசாத ஒரு பெண், “எங்க போட்டுக்குப் பேரு எழுதுவோம், மாலை போடுவோம், கண்ணு மட்டும் வரைஞ்சதில்லக்கா” என்றாள்.

அன்று மற்ற பிள்ளைகள் “செமையா இருந்துச்சு” என்றும் “கொஞ்சம் ஸ்லோ” என்றும் சொன்னார்கள். அவை தீர்ப்புகள். அந்தப் பெண் சொன்னதுதான் மனப்பதிவு. புத்தகத்தின் ஒரு குறிப்பிட்ட இடம் அவளுடைய வாழ்க்கையின் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டது; தொட்ட இடத்தை அவள் சுட்டிக்காட்டினாள். இளையோருக்கான மாயக்கதைகளைப் பற்றித் தம் சொந்த மனப்பதிவை எழுத விரும்புகிறவர்கள், பதினைந்து வயதினராயினும் ஐம்பது வயதினராயினும், முதலில் பழகிக்கொள்ள வேண்டியது இந்தச் சுட்டிக்காட்டலைத்தான். நாவல் நன்றாக இருந்ததா என்ற கேள்வியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பல நேரங்களில் அதைக் கேட்கவே தேவையிருக்காது.

மனப்பதிவு மிக விரைவில் கலைந்துபோகும். புத்தகத்தை மூடிய மறுநாள் நமக்கு நினைவிருப்பது கதைச் சுருக்கம். ஒரு வாரம் கழித்து நினைவிருப்பது பிறர் அதைப் பற்றிச் சொன்னது. ஆகவே வாசிக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். கிளை நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தில் பென்சிலால்கூட எழுதக் கூடாது என்பதால், பழைய நோட்டுத் தாளை நான்காகக் கிழித்துத் துண்டுச்சீட்டுகளாகப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் கண் நின்றால், வாசிப்பை நிறுத்தாமல், அந்தச் சீட்டில் பக்க எண்ணையும், அங்கே நடப்பதை ஐந்தாறு சொற்களிலும், உங்களுக்கு நேர்ந்ததை ஐந்தாறு சொற்களிலும் எழுதி அந்தப் பக்கத்திலேயே செருகிவிடுங்கள். ‘படகுக்குக் கண், எங்கள் படகு நினைவு வந்தது’ என்றால் போதும். விளக்கம் அப்போது வேண்டாம். எங்கே இருந்து வாசித்தீர்கள் என்பதையும் ஒரு சொல்லில் சேர்த்துக்கொள்வது நல்லது. 2021-இல் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட மெட்ரோவில் குளிர்ச்சியாக உட்கார்ந்து வாசித்த அதே பாலைவனக் காட்சியை, மின்சாரம் போன மே மாத இரவில் வீட்டில் வாசித்தால் வேறு விதமாகத்தான் தோன்றும். அந்த வேறுபாடு புத்தகத்தினுடையது அன்று, உங்களுடையது என்பது பின்னால் சீட்டைப் பார்த்தால் விளங்கும்.

புத்தகம் முடிந்ததும் சீட்டுகளை வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். இருபது சீட்டு இருந்தால் அவற்றில் மூன்று மட்டுமே உண்மையில் எழுதத் தக்கவையாக இருக்கும். எவை அவை என்று கண்டுபிடிக்க நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி, ஒவ்வொரு சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு ‘இதை வேறு யாராவது இப்படியே எழுதியிருப்பார்களா’ என்று கேட்பது. ‘சண்டைக் காட்சி விறுவிறுப்பு’ என்ற சீட்டை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அதை ஒதுக்கிவிடலாம்.

தேர்ந்தெடுத்த சீட்டோடு நூலுக்குத் திரும்பிப் போவதுதான் அடுத்த வேலை. பெரும்பாலானோர் தவறவிடுவதும் இதைத்தான். காசிமேட்டுப் பெண்ணை அந்தப் பக்கத்தை மீண்டும் பார்க்கச் சொன்னேன். கண் வரையும்படி அந்த முதியவர் ஏன் கேட்டார்? கண்புரையால் பார்வை மங்கியிருந்த அவருக்குக் கெட் தன் மந்திரத்தால் பார்வையைத் திருப்பித் தந்திருந்தான். உலகில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதையே மறந்துபோயிருந்த மனிதர், அந்த நன்றி மரப்படகின் கண்கள் வழியாக வெளியே பார்த்துக் கெட்டைப் பாறையிலிருந்து காக்க வேண்டும் என்று விரும்புகிறார். முதல் வாசிப்பில் அலங்காரமாகத் தோன்றிய கண், இரண்டாம் வாசிப்பில் நன்றிக்கடனாக மாறியது. அவள் தன் தாத்தாவுக்குக் கண்புரை அறுவை நடந்த பிறகு, கட்டைப் பிரித்ததும் அவர் முதலில் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்ததை எழுதினாள். படகில் தொடங்கிய குறிப்பு தாத்தாவிடம் போய்ச் சேர்ந்தது. நூலுக்குத் திரும்பிப் போகாமல் இருந்திருந்தால் அது ‘எங்கள் ஊரிலும் படகு உண்டு’ என்ற அளவில் நின்றிருக்கும்.

கதைச் சுருக்கத்துக்கு எவ்வளவு இடம் தரலாம் என்று கேட்கிறார்கள். ஒரு பக்கக் கட்டுரையில் நான்கு வரி. நீங்கள் சுட்டும் இடத்தைப் புரிந்துகொள்ள வாசகருக்கு எது தேவையோ அது மட்டும். முடிவைச் சொல்லாதீர்கள், எர்த்ஸீயில் கெட்டைத் துரத்தும் நிழலுக்கு என்ன பெயர் என்பதை அறிந்துகொண்டு வாசிக்கிறவர், அந்தப் பக்கத்தில் தமக்குக் கிடைக்கவேண்டியதை இழந்துவிடுகிறார்.

இனி, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் ஒன்று. இந்த நாவல்களில் பல, பனி பெய்யும் நாடுகளில் எழுதப்பட்டவை. சி. எஸ். லூயிஸ் 1950-இல் வெளியிட்ட ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’ நாவலில், போர்க்காலத்தில் லண்டனிலிருந்து கிராமத்து மாளிகைக்கு அனுப்பப்பட்ட நான்கு குழந்தைகள் துணி அலமாரி ஒன்றின் வழியாக நார்னியா என்ற வேற்றுலகுக்குப் போகிறார்கள். ஃபர் கோட்டுகளை விலக்கிக்கொண்டு போனால் காலடியில் பனி நெரிகிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த பையனுக்கு அலமாரி என்றால் அம்மாவின் பட்டுப்புடவையும் ரேஷன் கார்டும் வைத்துப் பூட்டிய இரும்பு பீரோதான். அவன் மனத்தில், அந்த நால்வரில் முதலில் உள்ளே போகும் லூசி அந்த பீரோவுக்குள்தான் நுழைந்தாள். அவன் அதை எழுத வெட்கப்பட்டு, ‘பழங்கால மர அலமாரி அழகாக வர்ணிக்கப்பட்டிருந்தது’ என்று எழுதிக்கொண்டு வந்தான். வெட்கப்படத் தேவையே இல்லை. உங்கள் மனம் எந்தப் படத்தைத் தந்ததோ அதை எழுதுங்கள். ஹாரி பாட்டர் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அறையில் தூங்குகிறான் என்றால், நம் பக்கத்து வீடுகளில் படிக்கட்டுக்கு அடியில் மின்மீட்டரும் தண்ணீர் டிரம்மும் சைக்கிளும் இருக்கின்றன. அந்த இடத்தின் சூடும் பூச்சியும் தெரிந்த பிள்ளைக்கு அந்தச் சிறுவனின் நிலை வேறு எவரையும்விட நன்றாகப் புரியும். லண்டன் ரயில் நிலையத்துச் சுவருக்குள் ஓடி மறையும் காட்சியை வாசித்தபோது எனக்கு நினைவில் வந்தது 1856-இல் திறக்கப்பட்ட எங்கள் இராயபுரம் நிலையத்தின் தூண்கள்தாம்.

ஆனால் அந்தப் படத்தை எழுதியதோடு நிறுத்தாமல், அது நூலோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று சோதித்துப் பார்க்க வேண்டும். நார்னியா வரிசையில் 1955-இல் வந்த ‘தி மெஜீஷியன்ஸ் நெஃப்யூ’ என்னும் நூலில், அந்த அலமாரி எந்த மரத்தால் செய்யப்பட்டது என்பது தெரியவருகிறது: நார்னியாவிலிருந்து கொண்டுவந்த ஆப்பிளின் விதையிலிருந்து முளைத்து, புயலில் விழுந்த மரம் அது. அலமாரிக்குள் வழி திறந்ததற்கு அந்த மரமே காரணம் என்று எண்ண இடமிருக்கிறது. இரும்பு பீரோவை வைத்துப் படித்தவனுக்கு இந்தச் செய்தி ஓர் அடிதான். அவன் அதையும் எழுதினான்: ‘எங்கள் பீரோ மரத்தில் இருந்திருந்தால் அது எந்த ஊர் மரமாக இருந்திருக்கும் என்று யோசித்தேன்.’ தன் படத்தையும் நூலின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அந்த ஒரு வரி, அவன் முதலில் எழுதிய முழுப் பக்கத்தைவிட எனக்குப் பிடித்திருந்தது.

அதே முதல் நாவலில் எட்மண்ட் என்ற சிறுவன், பனி அரசி தரும் ‘டர்கிஷ் டிலைட்’ என்னும் இனிப்புக்காகத் தன் உடன்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுக்க இசைகிறான். எங்கள் கூட்டத்தில் எல்லாருமே அவனை வெறுத்தார்கள். “ஒரு ஸ்வீட்டுக்காகவா?” என்பதே பொதுவான கேள்வி. இதை அப்படியே எழுதினால் அது மனப்பதிவுதான், தவறில்லை. ஆயினும் ஒரு வெறுப்பை எழுதும் முன்பு, அந்தக் காலத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது அதை ஆழப்படுத்தும். இரண்டாம் உலகப் போரையொட்டி பிரிட்டனில் இனிப்புகளுக்கு ரேஷன் இருந்தது. அது முழுவதுமாக நீங்கியது 1953 பிப்ரவரியில்தான். அதாவது இந்த நாவலை முதலில் வாசித்த குழந்தைகளுக்கு, வேண்டிய அளவு இனிப்பு என்பதே ஒரு மாயப்பொருள். இதைச் சொன்னதும் மாடியில் சற்று நேரம் பேச்சு இல்லை. ரேஷன் கடை வரிசையில் சர்க்கரைக்காக நின்று, நம் முறை வரும்போது ‘ஸ்டாக் இல்லை, திங்கட்கிழமை வா’ என்று கேட்டுத் திரும்பிய அனுபவம் அங்கிருந்த பலருக்கும் இருந்தது. மேலும், அந்த இனிப்பு மந்திரிக்கப்பட்டது, ஒருமுறை தின்றவர் மேலும் மேலும் கேட்டுக்கொண்டே இருப்பார் என்று நூலே சொல்கிறது. சிலர் தங்கள் வெறுப்பை மாற்றிக்கொண்டார்கள். ஒரு பெண் மாற்றிக்கொள்ளவில்லை; ‘பசி வேறு, காட்டிக்கொடுப்பது வேறு’ என்று எழுதினாள். இரண்டுமே நல்ல குறிப்புகள், ஏனெனில் இரண்டும் அந்தப் பக்கத்தைத் தெரிந்துகொண்டு எழுதப்பட்டவை.

புத்தகம் உங்களைக் காயப்படுத்தும் இடங்களைத் தாண்டிச் சென்றுவிடாதீர்கள். நார்னியா வரிசையிலேயே 1954-இல் வந்த ‘தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’ நூலில் கலோர்மென் என்னும் நாட்டினர் கருநிறத்தவராகவும் தலைப்பாகை அணிந்தவராகவும், பெரும்பாலும் கொடியவராகவும் வருகிறார்கள். அதை வாசிக்கும்போது எனக்கு ஏற்பட்ட சங்கடத்தை நான் முதலில் எழுதவில்லை. இவ்வளவு புகழ்பெற்ற நூலில் குறை காணலாமா என்ற தயக்கம். இன்று நான் சொல்லும் வழி இது: எந்தப் பக்கத்தில், எந்த வருணனை, உங்களை என்ன செய்தது என்பதை எழுதுங்கள், முழு நூலையும் தூக்கியெறிய வேண்டியதில்லை, மன்னித்துவிடவும் வேண்டியதில்லை. அந்த நூலில் அராவிஸ் என்னும் கலோர்மென் பெண்ணே கதையின் மிகத் துணிச்சலான பாத்திரங்களில் ஒருத்தி என்பதையும் சேர்த்து எழுதினால் உங்கள் குறிப்புக்கு நேர்மை கூடும்.

எர்த்ஸீயில் நிலைமை நேர்மாறு. கெட் செம்பழுப்பு நிறத்தவன்; அவனுடைய நண்பன் வெட்ச் கருநிறத்தவன்; வெளுத்த தோலுடையவர்கள் கடல் தாண்டி வந்து கொள்ளையிடுகிறவர்கள். ஆனால் பல பதிப்புகளின் அட்டைப்படங்களில் கெட் வெள்ளைக்காரனாக வரையப்பட்டதை லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்தார். இதனால்தான் அட்டையைப் பார்த்து மனத்தில் உருவத்தை ஏற்றிக்கொள்ளாதீர்கள் என்கிறேன். எழுத்தில் உள்ள நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் மாடியில் இதைக் கண்டுபிடித்த பையன் மகிழ்ச்சியில் அந்தப் பத்தியை மூன்று முறை வாசித்தான். அதே நாவலில் மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை, பெண்களின் மந்திரம் பற்றி இழிவான பழமொழிகள் புழங்குகின்றன. “அப்ப நாங்க?” என்று கேட்ட பெண்ணிடம், அதை அப்படியே தலைப்பாக வைத்து எழுதச் சொன்னேன். லெ குவினும் அந்தக் கேள்வியை விட்டுவிடவில்லை: எர்த்ஸீ வரிசையின் மூன்றாம் நூல் வந்த 1972-க்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990-இல், ‘டெஹானு’ என்ற நாவலில் அதே தீவுகளுக்குத் திரும்பி, பெண்களின் பக்கத்திலிருந்து அவற்றை மறுபடியும் பார்த்தார். வாசகியின் குறை, எழுத்தாளரின் குறையாகவும் இருக்கக்கூடும்.

கருத்து மாறினால் என்ன செய்வது? பழையதை அழிக்காதீர்கள், தேதியிட்டுக் கீழே புதியதை எழுதுங்கள். டோல்கீனின் ‘தி ஹாபிட்’ 1937-இல் வந்தபோது, குகை இருளில் நாயகன் பில்போவும் அங்கே வாழும் கோல்லம் என்னும் உயிரும் விடுகதைப் போட்டி நடத்தும் அத்தியாயத்தில் கோல்லம் தோற்றபின் ஓரளவு நேர்மையாகவே நடந்துகொண்டது; 1951 பதிப்பில் டோல்கீன் அதை மாற்றி, கோல்லத்தை வஞ்சமும் வெறியும் கொண்ட உயிராக ஆக்கினார். எழுதியவரே தம் பாத்திரத்தைப் பற்றிய எண்ணத்தை மாற்றிக்கொள்ளும்போது வாசகர் மாற்றிக்கொள்ளக் கூடாதா? அந்த அத்தியாயத்தைப் பற்றி எழுதுவதற்கு இன்னொரு நல்ல வழி உண்டு. ஒவ்வொரு விடுகதையையும் வாசித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விடையை நீங்களே சொல்லிப்பாருங்கள். கீலும் சாவியும் மூடியும் இல்லாத பெட்டிக்குள் பொன் இருக்கிறது என்றதும் எங்கள் பிள்ளைகள் ‘முட்டை!’ என்று கத்தினார்கள். கோல்லத்துக்கு அவ்வளவு நேரம் ஆனது அவர்களுக்குப் பெருமையாக இருந்தது. கடைசியில் பில்போ கேட்பது விடுகதையே அன்று, தன் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. அது நியாயமா? பாட்டியிடம் விடுகதை போட்டு வளர்ந்த எவருக்கும் இதில் திட்டமான கருத்து இருக்கும். அந்தக் கருத்தைக் காரணத்தோடு எழுதினால் அதுவே ஒரு முழுக் குறிப்பு.

நமக்கு இது புதிதும் அன்று. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவில், விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளம் கதை சொல்லி முடித்ததும், பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று மிரட்டும். கேட்டவன் வாய் திறந்து, காரணத்தோடு, தன் பதிலைச் சொன்னால்தான் அந்தக் கதைக்கு முடிவு. ‘கதை நன்றாக இருந்தது’ என்று சொல்லி விக்கிரமாதித்தன் ஒருநாளும் தப்பியதில்லை. நான் மாடியில் வேதாளமாக இருந்து பிள்ளைகளிடம் கேட்கும் கேள்விகளும் அந்த வகையைச் சேர்ந்தவைதான்: யார் செய்தது பெரிது, யார்மீது பழி, நீயாக இருந்தால் எதைச் செய்திருப்பாய்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. இளையோர் நாவலை வாசித்துவிட்டு ‘சிறுவர்களுக்கு இது போதும்’ என்று எழுத நேர்ந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். அது மனப்பதிவு அன்று. நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதை மறைக்கும் திரை. நமக்குச் சலித்தது என்றால் சலித்தது என்று எழுதலாம். நம் வீட்டுப் பிள்ளை அதே இடத்தில் கண் கலங்கினால் அதைத் தனியாக, அந்தப் பிள்ளையின் சொற்களிலேயே எழுத வேண்டும். நம் சலிப்பைப் பிள்ளையின் வாயில் போடக் கூடாது. பிள்ளையின் வியப்பை நம்முடையதாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது.

மொழியைப் பற்றி. ‘விறுவிறுப்பான நடை’, ‘கற்பனை வளம்’, ‘மனதைக் கொள்ளை கொண்டது’ போன்றவை எந்தப் புத்தகத்துக்கும் பொருந்திப்போகும் சட்டைகள். இவை உங்கள் எழுத்தில் வந்தால் அடிக்கோடிட்டு, அந்த இடத்தில் நூலிலிருந்து ஒரு பொருளையோ செயலையோ பெயரையோ வையுங்கள். வட சென்னைப் பேச்சில் நினைத்ததை அந்தப் பேச்சிலேயே முதலில் எழுதுவதில் தவறில்லை. நான் திருத்தும்போதுகூடப் பிள்ளைகளின் மூலச் சொல்லை ஒன்றிரண்டு இடங்களில் விட்டுவைக்கிறேன், ஏனெனில் உணர்ச்சியின் சூடு அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. எர்த்ஸீயில் ஒருவரின் மெய்ப்பெயரை அறிந்தவருக்கு அவர்மீது அதிகாரம் உண்டு என்று வருவதைப் பற்றி எழுதிய பையன், தெருவில் தன்னை எல்லாரும் அழைக்கும் பட்டப்பெயரையும் வீட்டில் ஆயா மட்டும் அழைக்கும் பெயரையும் பிரித்துக் காட்டினான். ஆயாவின் பெயரை எழுத மறுத்துவிட்டான். அந்த மறுப்பையும் குறிப்பில் எழுதிவை என்றேன்.

எழுதி முடிக்கும் வரை பிறருடைய விமர்சனம் எதையும் வாசிக்காதீர்கள். முடித்தபின் தாராளமாக வாசிக்கலாம். உங்களுடையதோடு ஒத்துப்போகாதவற்றைத் தேடி வாசிப்பது இன்னும் நல்லது.

குறிப்புகளுக்குத் தனி நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே நூலின் பெயர், ஆசிரியர், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர், நீங்கள் வாசித்த பதிப்பின் ஆண்டு, வாசித்து முடித்த தேதி, அன்று உங்கள் வயது ஆகியவற்றை எழுதுங்கள். வயதை எழுத மறக்கவே வேண்டாம். இடப்பக்கத்தில் மட்டும் எழுதி வலப்பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே நூலை நீங்கள் மறுபடியும் எடுக்கும்போது, அந்தப் பக்கம் உங்களுக்குத் தேவைப்படும்.